ஓரத்துக் கண்ணி

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் அவள் நாக்கினால் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வீண் பழி. அவள் கொண்டையில் எந்நேரமும் ஒரு குரோஷா ஊசி செருகியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அது. நாக்கும் லேசுப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பிழைப்பு ஒரு சலவைக் கடையின் கவுண்டரில். வருகிற துணியை வாங்கி, உதறி, வெளிச்சத்தில் பிடித்து, கறை எங்கே என்று பார்த்து, நம்பர் சீட்டைக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். பருவம் மாறுவது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்வெட்டரும் கம்பளியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால் குளிர் முடிந்தது. கழுத்துப்பட்டி மஞ்சளாய்ப் போன சட்டைகள் வந்தால் வெயில் ஏறிவிட்டது. பேன்ட் கால்களில் சேறும் திரைச்சீலையில் பூஞ்சை வாடையுமாக வந்தால் மழை. அப்புறம் ஒருநாள் யாராவது அந்துருண்டை மணக்க மணக்க ஒரு கோட்டை நீட்டுவார்கள், மறுபடியும் குளிர்.

கூட்டம் இல்லாத நேரத்தில் ஊசி கொண்டையிலிருந்து கைக்கு இறங்கிவிடும். நூல்கண்டு மேஜை இழுப்பறைக்குள் உருள, நூல் விரலில் வழுக்கி வர, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்துவிடும் அந்தச் சின்ன வேலையில் அப்படி என்னதான் சுகமோ, பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டினாலும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவள் கைப்பின்னல் மூடாத பொருள் எதுவும் கிடையாது. மேஜைக்கு விரிப்பு, தண்ணீர்க் குடுவைக்கு மூடி, டி.வி. ரிமோட்டுக்கு உறை. பாக்கியிருந்தது வீட்டுக்காரரின் வழுக்கைத் தலை ஒன்றுதான். அதற்கும் ஒரு குல்லா பின்னியாகிவிட்டது. மனுஷர்தான் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

பின்னலில் ஒரு கண்ணி பிசகினால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. பிசகின இடம் வரைக்கும் பிரித்துப் போட்டு மறுபடி பின்னுவாள். "யாருக்கு அக்கா தெரியப் போகுது?" என்று கடையில் இஸ்திரி போடுகிறவர் கேட்டால், "எனக்குத் தெரியுதே" என்பாள்.

இவ்வளவு பெருமையோடு இருந்தவளுக்கு வயிற்றெரிச்சல் மாடியிலிருந்து இறங்கி வந்தது. மாடியில் இருந்தது அவள் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். வேலை, ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயந்து நடுங்கிக்கொண்டு வருகிற ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இடிச்சா என்ன இப்போ, திரும்ப எடுங்க" என்று சிரித்தே ஓட்ட வைத்துவிடுவாள். எதையும் பிரித்துப் போடுகிற வழக்கமே அவளிடம் இல்லை.

ஊசியக்காவுக்கு ஒரே மகள். அந்த மகளும் சித்தியிடம்தான் கார் ஓட்டக் கற்றாள். அதோடு போனால் பரவாயில்லை. பெருநகரத்தில் வேலை கிடைத்த சேதியை அவள் முதலில் சொன்னது மாடியில். அம்மாவுக்கு அது தெரியவந்தது, மாடியிலிருந்து கேட்ட சித்தியின் கூச்சலில். அன்றைக்கு விழுந்த முள் ஊசியக்காவின் தொண்டையில் அப்படியே நின்றுவிட்டது. பெற்றவள் கீழே இருக்கும்போது சேதி எதற்கு மாடிப்படி ஏறுகிறது?

ஒரு குளிர் முடிகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். புது வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வருகிறதாம், இரவெல்லாம் நடுங்கினாளாம்.

"அம்மா, எனக்குன்னு ஒரு போர்வை பின்னிக் கொடேன்" என்றாள்.

ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வருஷமாக இவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்! வாயெல்லாம் பல்லாக, "என்ன கலர்டி வேணும்?" என்று ஆரம்பிப்பதற்குள், அந்தப் பக்கமாக வந்த சின்னவள் போனுக்குள் தலையை நீட்டினாள்.

"சித்தி, நீயும் ஏதாவது பின்னிக் குடு" என்று மகள் சிரித்தாள்.

"ஓ, பின்னிட்டாப் போச்சு! அடுத்த குளிருக்கு நாங்க ரெண்டு பேரும் நேர்லயே எடுத்துட்டு வர்றோம். அப்படியே ஊரையும் சுத்திப் பாக்கணும்" என்றாள் சின்னவள். ஊசி பிடிக்கத் தெரியாது, பேச்சைப் பார்!

மறுநாளே அவள் செங்கல் நிறத்தில் ஒரு பை நிறைய நூலும், போனில் பார்க்க நாலைந்து வீடியோவுமாக வந்து கீழே உட்கார்ந்துகொண்டாள். ஊசியக்கா தனக்குப் பால் வெள்ளையில் நல்ல கம்பளி நூல் வாங்கியிருந்தாள். இருவரும் முன்னறை ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பின்னினார்கள். வெயில் ஏறியது. கம்பளி நூல் கையில் ஒட்டியது, மடியில் கிடந்த பின்னல் அடுப்பாய்க் கொதித்தது. ஊசியக்கா அடிக்கடி கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சின்னவள் வியர்வையைப் பின்னலிலேயே துடைத்தாள்.

மூன்றாவது வரிசையிலேயே ஊசியக்காவின் கண்ணில் அது பட்டுவிட்டது. குரோஷாவில் புதிதாகக் கை வைக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வரிசை முடிகிற இடத்தில் கடைசிக் கண்ணி மறைந்துகொண்டு நிற்கும். அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். இந்தப் பக்கம் ஒன்று, திரும்பி வரும்போது அந்தப் பக்கம் ஒன்று. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. போகப் போகப் போர்வை இரண்டு பக்கமும் உள்ளே சுருங்கிக்கொண்டே வந்துவிடும்.

"ஓரத்துல ஒண்ணு விட்டுட்டே பாரு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. ஊசியக்கா சொல்லவில்லை. உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. பின்னட்டும், நன்றாகப் பின்னட்டும் என்று தன் போர்வையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மழை வந்தது. கடையில் சேற்றுத் துணி குவிந்தது. வீட்டில் சாரல் அடிக்கிற ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னுவது தனிச் சுகம்தான். வெளியே ஓட்டில் மழை தட்ட, உள்ளே இரண்டு ஊசியும் ஒரே தாளத்தில் போகும். மனசில் மட்டும் அந்தப் புகைச்சல் இல்லாதிருந்தால், அந்த மாலைகள் ஊசியக்காவின் வாழ்க்கையிலேயே நல்ல மாலைகள் என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் பாடுவாள், சிரிப்பாள், அன்றைக்கு யார் காரை எந்தச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரும். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு சின்னவள் மடியைப் பார்ப்பாள். ஓரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

அப்படி ஒரு நாள் சின்னவளே கேட்டுவிட்டாள். பின்னலைத் தரையில் விரித்துப் போட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அக்கா, இது ஏன் மேல போகப் போகக் குறுகிட்டே போகுது?"

ஊசியக்கா தலையைத் தூக்கவேயில்லை. "கைவேலைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். முடிச்சதும் துவைச்சு, நல்லா இழுத்துக் காயப்போட்டா நேராயிடும்."

"நிஜமாவா?"

"சலவைக் கடையில உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

சின்னவள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அவள் பாடவில்லை. ஊசியக்கா அதைக் கவனித்தாளா என்றால், கவனித்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் கோட்டு அந்துருண்டை வாசத்தோடு கவுண்டருக்கு வந்த வாரம் பால் வெள்ளைப் போர்வை முடிந்தது. ஒரு கண்ணி பிசகில்லை. கடை முதலாளியே பார்த்துவிட்டு, "இதை விரிக்கறதா, சட்டம் போட்டு மாட்டறதா?" என்று கேட்டார். சின்னவளின் பின்னலோ குறுகிக் குறுகி, கடைசியில் ஒரே ஒரு கண்ணியில் வந்து முட்டி நின்றது.

"அக்கா, போறதுக்கு இடமே இல்ல!" என்று சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதற்கும் சிரிப்பா என்று ஊசியக்கா எரிந்துகொண்டிருக்கும்போதே, அவள் அதை எடுத்துத் தோளில் போட்டு முன்னால் ஒரு முடிச்சுப் போட்டாள். முக்கோணச் சால்வை. செங்கல் நிறம் அவள் முகத்துக்கு எடுப்பாக இருந்தது. வழுக்கைத் தலைக்காரர் பேப்பரிலிருந்து எழுந்து, "அட, இது நல்லா இருக்கே!" என்றார். கட்டிய மனைவியின் குல்லாவைத் தொடாதவர்! அவருக்கு அன்றிரவு சோற்றைத் தட்டில் வைத்த சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைத்தபோது இருவரும் ரயிலேறினார்கள். பெருநகரம் பெருநகரமாகத்தான் இருந்தது. மகள் வீடு ஓர் உயரமான கட்டடத்தின் மேலே, இரண்டு பேர் திரும்பினால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு. ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் கீழே இலை உதிர்க்கிற மரங்களோடு ஒரு தெரு நீண்டு போனது.

ஊசியக்கா போர்வையைப் பிரித்து விரித்தாள். மகள் கையை வாயில் வைத்தாள்.

"அம்மா! எவ்ளோ அழகு!" ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதை மடிப்புக் கலையாமல் மடித்து, அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் வைத்து, கதவைச் சாத்தினாள்.

"என்னடி, உள்ளே வெச்சிட்டே?"

"அழுக்காயிடும்மா."

சின்னவள் தன் சால்வையை எடுத்து, "இந்தா, போர்வைதான் பின்ன உக்காந்தேன், வழியில கவிழ்ந்துபோச்சு" என்று தூக்கி எறிந்தாள். மகள் அதைக் காற்றிலேயே பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போட்டவள் கழற்றவேயில்லை. அதோடு டீ போட்டாள், அதோடு படியிறங்கினாள், தெருவில் அதோடுதான் நடந்தாள். காகிதக் கோப்பையில் காபி வாங்கிக் குடித்து, வாய் துடைக்க அதன் நுனியைத்தான் எடுத்தாள். ஊசியக்காவின் வயிறு பற்றி எரிந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அவள் பார்த்ததெல்லாம் முன்னால் நடந்துபோன ஒரு செங்கல் நிற முக்கோணத்தைத்தான். பெரிய பாலமாம், மணிக்கூண்டாம், பூங்காவாம். யாருக்கு வேண்டும்?

நூல் கடைகள் மட்டுமே இருந்த ஒரு தெருவுக்கு மகள் அவர்களைக் கூட்டிப்போனாள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான். பிடித்தது. தரையிலிருந்து கூரைவரை நூல்கண்டு. ஊசியக்கா கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து ஒவ்வொரு கண்டாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரம்மா கேட்டாள்.

"இந்தச் சால்வை யார் பின்னினது? ஓரம் எவ்வளவு அழகா சரிஞ்சு வருது! எங்க கத்துக்கிட்டீங்க?"

மகள் சித்தியைக் கைகாட்டினாள். சின்னவள் ஊசியக்காவைக் கைகாட்டினாள்.

"எல்லாம் இந்த அக்காதாங்க. பக்கத்துலயே உக்காந்து, ஒவ்வொரு வரிசையும் பாத்துட்டே இருந்தாங்க."

கடைக்காரம்மா இவளைப் பார்த்துத் தலையாட்டினாள். ஊசியக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எடுத்த நூலைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் ஏதோ கொறிக்க வாங்கிவரப் போயிருந்தாள். காய்ந்த இலைகள் காலடியில் உருண்டன. ஊசியக்காவால் அடக்க முடியவில்லை.

"எதுக்கு அவகிட்ட அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நான் கத்துக்குடுத்தேன்னு."

"கத்துக்குடுத்தீங்கன்னு சொல்லலியே. பாத்துட்டு இருந்தீங்கன்னுதான் சொன்னேன்" என்றாள் சின்னவள். குரலில் சிரிப்பில்லை. "ஓரத்துக் கண்ணியை விடுறேன்னு எனக்கு மழைக்காலத்துலயே தெரியும்க்கா. உங்ககிட்ட கேட்டேனே, அன்னைக்கு மாடிக்குப் போய் வீடியோவைப் போட்டுப் பாத்தேன். நான்தான் அவசரத்துல தள்ளிவிட்டிருக்கேன், முதல்லயே சொல்றாங்க, புதுசா பின்றவங்க எல்லாரும் இந்தத் தப்பைப் பண்ணுவாங்கன்னு."

ஊசியக்கா அவள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சா... திருத்தியிருக்கலாமே?"

"நாளைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு பாத்தேன். அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. இவங்க சொல்ற வரைக்கும் இப்படியேதான் போவேன்னு போனேன். நீங்க சொல்லவேயில்ல."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அழுகை வந்தது, அதுவும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"உனக்கென்ன குறை? கார் ஓட்டறே, பாட்டுப் பாடறே, எல்லாரும் உன் பின்னாடி வர்றாங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணு. அதுலயும் வந்து உக்காந்துட்டே. என் பொண்ணு எதைப் போட்டுட்டு அலையறா பாத்தியா?"

"அவ ஏன் உங்களோடதைப் போடலைன்னு அவகிட்டயே ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் சின்னவள். "அந்த அலமாரியைத் திறந்து பாருங்கக்கா."

மறுநாள் காலை, மகள் குளிக்கப் போன நேரத்தில் ஊசியக்கா அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் வெள்ளைப் போர்வை. அதன் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், அவள் பின்னிக் கொடுத்த அத்தனையும். கல்லூரிக்குப் போகும்போது கொடுத்த ஸ்வெட்டர், கழுத்துத் துண்டு, கைப்பை, மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பின்னிய மஞ்சள் குல்லாகூட. மடிப்புக் கலையவில்லை. கவுண்டரில் ஆயிரம் துணி வாங்கியவளுக்கு, போட்ட துணி எது, போடாத துணி எது என்று மூக்கே சொல்லிவிடும். ஒன்றில்கூட மகள் வாசம் இல்லை. மஞ்சள் குல்லாவின் ஓரத்தில் மட்டும், துவைத்துத் துவைத்து வெளிறிப்போன ஒரு மைக்கறையின் சுவடு.

அந்தக் கறை அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்குத் தான் போட்ட சத்தமும் நினைவுக்கு வந்தது. கை நோகப் பின்னினதை ஒரே நாளில் பாழாக்கிட்டியே, இனிமே உனக்கு ஒண்ணும் கிடையாது போ என்று கத்தினாள். குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டே மாடிக்கு ஓடியது.

மாடிக்குத்தான் ஓடியது. ஊசியக்கா அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

மகள் வந்தபோது அவள் போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்து, அதன் நட்டநடுவில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பாத்து! சிந்திடப் போகுது!"

"வா, வந்து உக்காரு."

"ஈரத் தலைம்மா, நான் கீழயே உக்காந்துக்கறேன்."

ஊசியக்கா மகளைப் பார்த்தாள். பிறகு, ஒரு சொட்டுக்கூடத் தவறாமல், பால் விட்ட டீ முழுவதையும் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு, வெயிலும் மழையும் பார்த்த உழைப்பு, கண்ணெதிரே பழுப்பாகிக்கொண்டு போனது. பொய் சொல்வானேன், கடைசி நொடியில் கை பின்வாங்கக்கூடப் பார்த்தது.

"ஐயையோ! என்னம்மா பண்ணே!" மகள் அலறினாள். "எதுல கழுவணும்மா? பச்சைத் தண்ணியா, வெந்நீரா? சீக்கிரம் சொல்லு!"

பால் கலந்த கறையில் வெந்நீர் பட்டால் அது ஜென்மத்துக்கும் போகாது. கவுண்டரில் அவள் முதல் வாரமே கற்ற பாடம் அது.

"வெந்நீர்" என்றாள் ஊசியக்கா. "நல்லாக் கொதிக்கக் கொதிக்க."

மகள் அடுப்படிக்கு ஓடினாள்.

சாயங்காலம் ரயிலடிக்கு வழியனுப்ப வந்த மகள் அந்தச் செங்கல் நிறச் சால்வையைத்தான் போட்டிருந்தாள். போர்வை ஈரமாகக் கொடியில் கிடந்தது என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் ஊசியக்காவுக்குக் கண்ணை உறுத்தத்தான் செய்தது. ஒரு கிளாஸ் டீயில் அணைந்துவிடுகிற நெருப்பா அது?

ரயில் கிளம்பினதும் அவள் தன் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துச் சின்னவளின் மடியில் போட்டாள். "முதல் வரிசை போடு. ஓரத்துக்கு வந்ததும் என்கிட்ட காட்டு." அதற்கு மேல் அவளால் இறங்கி வர முடியவில்லை. சின்னவள் பின்ன ஆரம்பித்தாள்.

வீடு வந்து சேர்ந்து, லீவு முடிந்து, கவுண்டரில் மறுபடி கோட்டுகள் குவியத் தொடங்கின. அந்த வார முடிவில், ஜன்னலோரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். மாடிக்கு இல்லை, கீழே இருந்த போனுக்கு.

"அம்மா, அந்தக் கறை போகவேயில்லம்மா. என்னென்னவோ போட்டுப் பாத்துட்டேன்."

"போகாதுடி."

"நீ திட்டலியே?"

"நான்தானே கொட்டினேன்."

அப்புறம் மகள் சொன்னாள். "இங்க நடுக்கற குளிரும்மா. அதைத்தான் போத்திட்டு உக்காந்திருக்கேன். சாப்பிடறதுகூட அதுக்குள்ளயே. கதகதன்னு இருக்கு. சித்தியோடதைத் துவைக்கப் போட்டிருக்கேன்."

போனை வைத்ததும் சின்னவள் தலையைத் தூக்கினாள். "என்னவாம்?"

"போத்திட்டு உக்காந்திருக்காளாம்."

"எதை?"

"என்னோடதை!" என்றாள் ஊசியக்கா. சொன்ன வேகத்தில் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் திடுக்கிட்டு எழுந்தார்.

சின்னவள் சிரித்தாள். சிரித்த முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. ஊசி கையில் அப்படியே நின்றது. சும்மா கேட்கிறவள்போலக் கேட்டாள். "என்னோடது?"

ஊசியக்காவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷமாக அவள் தொண்டையிலேயே குடியிருந்த குரல் அது.

"அதையும்தான்" என்றாள். "தோள்ல போட்டிருக்காளாம். நீ ஓரத்தைப் பாத்துப் பின்னு."